போர் முடிந்த பின் ராணுவ வண்டிகள் எப்படிப் பிழைத்தன?

கேள்வி:
போருக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போய்விட, சில மட்டும் தலைமுறைகள் கடந்தும் மக்களோடு நிலைத்துவிட்டன. மலிவாகக் கிடைத்தது மட்டும்தான் இதற்குக் காரணமா, அல்லது வண்டியின் அமைப்பிலேயே ஏதேனும் இருக்கிறதா?

மறுமொழி 1:
அமைப்புதான் முதன்மைக் காரணம் என்பேன். இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவற்றின் முகப்பு விளக்கைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி விளக்கைப் பின்புறமாகத் திருப்பினால், வெளிச்சம் நேராக எஞ்சின்மீது விழும். இருட்டில் நடுவழியில் நின்றுவிட்ட சிப்பாய் தானே பழுதுபார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தானே கழற்றி மாட்டக்கூடிய வண்டியை யார்தான் எளிதில் கைவிடுவார்கள்? 1945இல் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ மாதிரியில் பின்பக்கம் சுமை ஏற்றக் கதவு வைத்தார்கள். அதனால் அங்கிருந்த ஸ்டெப்னி பக்கவாட்டுக்கு மாறியது. எஞ்சின் விசையைக் கொண்டு பண்ணை இயந்திரங்களை ஓட்டும் வசதியும் அதற்குக் கிடைத்தது.

மறுமொழி 2:
பிலிப்பைன்ஸில் மக்கள் ஏறிச்செல்லும் ஜீப்னி என்ற வண்டியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. போரில் மணிலா சிதைந்து, போக்குவரத்தும் அழிந்துகிடந்தபோது, அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள் வைத்து மக்கள் ஓட்டத் தொடங்கினார்கள். பின்வாசல் வழியாக ஏறி அமர்பவர் கொடுக்கும் காசு பயணிகளின் கைமாறிக் கைமாறி ஓட்டுநரைச் சேரும். மீதிச் சில்லறையும் அப்படியே திரும்பி வரும். பிற்கால ஜீப்னிகள் உள்ளூர்ப் பட்டறைகளில் புதிதாகக் கட்டப்பட்டவை. பலவற்றில் ஓடுவது ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சின். போர்க்கால ஜீப்பின் ஓர் உதிரிப்பாகம்கூட இல்லாத வண்டியிலும் அதன் முகம் மட்டும் மாறவில்லை என்பது என்னை நெகிழச் செய்கிறது.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எல்லா மாற்றமும் நன்மையில் முடிந்துவிடவில்லை. போருக்காகச் செய்யப்பட்ட, நிலத்திலும் நீரிலும் செல்லும் ‘டக்’ வண்டிகள் 1946இலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சுற்றுலாவுக்கு வந்துவிட்டன. பயணிகளுக்கு நிழல் தரப் பொருத்திய கூரை, வண்டி மூழ்கும்போது அவர்களை உள்ளேயே அடைத்துவிடும். 1999இல் ஆர்கன்சா மாநிலத்தில் அப்படி ஒரு வண்டி மூழ்கி 13 பேர் இறந்ததை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நீர் புகுந்தாலும் மிதக்கும் ஏற்பாடு இல்லாத வண்டிகளில் கூரையை அகற்றும்படி கேட்டுக்கொண்டது. 2018இல் மிசூரி ஏரியில் மூழ்கி 17 உயிர்களைப் பறித்த வண்டியில் அந்தக் கூரை அப்படியே இருந்தது.