இன்சுலினைக் குளுக்கோஸ் 'தூண்டுகிறதா'?

வணக்கம்.

இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது கணையம் இன்சுலினை விடுவதைக் 'குளுக்கோஸ் தூண்டு இன்சுலின் சுரப்பு' என்ற கலைச்சொல்லால் பாடநூலில் எழுதலாம் என்கிறார்கள். இதில் 'தூண்டு', 'சுரப்பு' இரண்டுமே எனக்கு இடறுகின்றன. பாடநூலில் ஏறிவிட்ட சொல்லை இறக்குவது கடினம் என்பதால் இப்போதே பேசிவிடலாம்.

முதலில் 'தூண்டு'. விளக்கைத் தூண்டுவது என்றால் வெளியிலிருந்து ஒரு கோலால் திரியைத் தள்ளிவிடுவது. பல ஹார்மோன்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன: செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தொடும், உள்ளே போகாது. ஆனால் கணையத்தில் இன்சுலினைச் செய்யும் பீட்டா செல்லில் குளுக்கோஸ் தூண்டுகோல் அல்ல, எண்ணெய். அது செல்லுக்குள் போய் எரிந்தாக வேண்டும்.

உள்ளே வரும் குளுக்கோஸை முதலில் பிடிப்பது குளுக்கோகைனேஸ் என்ற நொதி. அளவுகோலே அதுதான். அதன் உறவு நொதிகள் கொஞ்சம் குளுக்கோஸ் கிடைத்தாலே முழு வேகத்துக்குப் போய்விடும். இதுவோ லிட்டருக்கு 8 மில்லிமோல் அருகில்தான் பாதி வேகத்தையே எட்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவது ஏறத்தாழ அந்த இடத்தில்தான். அதனால் வெளியே சர்க்கரை கூடினால் உள்ளே எரிதலும், அதில் உண்டாகும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் கூடும். மானோஹெப்டுலோஸ் என்ற பொருளைக் கொடுத்து இந்த நொதியைத் தடுத்துவிட்டால், சுற்றிலும் எவ்வளவு குளுக்கோஸ் இருந்தாலும் செல் அசையாது. வெறுமனே தொட்டுத் தூண்டுவதாக இருந்தால் இப்படி நடக்குமா?

ஏடிபி கூடியதும் செல்லுறையில் உள்ள ஏடிபி உணர் பொட்டாசியத் தடங்கள் மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேறுவது குறைய, உறையின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியத் தடங்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. உறையை ஒட்டிக் காத்திருக்கும், இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் அதோடு இணைந்து வாய் திறக்கின்றன. கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரைகள் எரிதல் எதுவும் இல்லாமலே அந்தப் பொட்டாசியத் தடத்தை மூடிவிடும். அதனால்தான் சாப்பிடாத வேளையிலும் சர்க்கரையைத் தாழ்த்திவிடுகின்றன. பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வரும் சில குழந்தைகளுக்கு இந்தத் தடத்தின் மரபணுவில் பிழை இருப்பது 2004இல் தெரியவந்தது. எரிதல் ஒழுங்காக நடந்தும் தடம் மூடுவதில்லை. அவர்களில் பலர் ஊசியை விட்டு இந்த வகை மாத்திரைக்கே மாற முடிந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

'தூண்டு' என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அசல் தூண்டிதான். ஏற்பியில் அமர்ந்து இன்சுலினைப் பெருக்கும். ஆனால் சர்க்கரை தாழ்ந்திருந்தால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெய் இல்லாத திரியைத் தூண்டி என்ன பயன்? இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வேறுபாடு மாணவர் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

அப்புறம் 'சுரப்பு'. ஊற்று சுரக்கிறது, பால் சுரக்கிறது என்னும்போது உண்டாவதும் வெளிவருவதும் ஒன்றாகவே கேட்கிறது. இன்சுலின் அப்படி இல்லை. முன்பே செய்து, துத்தநாகத்தோடு படிகமாக்கி, ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான நுண்பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குளுக்கோஸ் சட்டென்று ஏறினால் முதல் பத்து நிமிடத்துக்குள் வரும் வேகமான வீச்சு, உறையருகே ஏற்கெனவே தயாராக நின்ற நுண்பைகளிலிருந்து வருவது. பிறகுதான் மெதுவான, நீண்ட இரண்டாம் வீச்சு. இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் மங்குவது அந்த முதல் வீச்சு.

'வெளியேற்றம்' கழிவை நினைவூட்டுகிறது. 'விடுவிப்பு' பரவாயில்லை, ஆனால் நீளம். 'உமிழ்வு' என்றால் எச்சில்தானே என்று கேட்கலாம். ஆனால் இயற்பியலில் ஒளி உமிழ்வு என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். ஆகவே என் முன்மொழிவு: குளுக்கோஸ் எரிவழி இன்சுலின் உமிழ்வு. நாளமில்லாச் சுரப்பி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம்.

கணையத்தில் பீட்டா செல்கள் இருக்கும் செல் கூட்டங்களைத் தீவு என்பதா திட்டு என்பதா என்ற கேள்வியும் உண்டு. லாங்கர்ஹான்ஸ் என்பவர் 1869இல் விவரித்த அந்தக் கூட்டங்களை நான் 'திட்டு' என்பேன். தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் வந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு கணையத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் சிதறிக் கிடக்கும் நுண்ணிய பொருளுக்குத் திட்டே அளவான சொல்.

'எரிவழி'யைவிடச் சின்னதாக ஒன்று கிடைத்தால் விட்டுக்கொடுக்கத் தயார். குளுக்கோஸுக்குத் 'தூண்டு' மட்டும் வேண்டாம்.