மர இறக்கை விமானம்: அக்காவையும் பிள்ளைகளையும் ஏற விடலாமா?

கடலோரத்தான்:
வணக்கம். என் அத்தான் பிரான்ஸில் ஒரு பறக்கும் கிளப்பில் சேர்ந்து லைசன்ஸ் எடுத்திருக்கிறார். போன கிழமை வீடியோவில் விமானத்தைக் காட்டினார். ரொபின் டிஆர்400, நாலு பேர் இருக்கலாம், இறக்கை முழுக்க மரமும் துணியும்தானாம். வருகிற மாதம் அக்காவும் பிள்ளைகளும் அதில் ஏறப் போகிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் தளபாடம் செய்கிறவன். கார்த்திகை மழைக்குப் பிளைவூட் அலுமாரியின் அடி உப்பி, விரலால் அமத்தினால் தாள் தாளாகக் கழன்று வருவதை வருசா வருசம் பார்க்கிறேன். அதை நினைத்தால் நித்திரை வருகுதில்லை. மர இறக்கை ஏன் முறிகிறது, முறிய முன்னம் கண்டுபிடிக்க வழி இருக்கா?

பழைய மெக்கானிக்:
தம்பி, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கு, ஆனால் மரத்தின் மேல் பழி போடாதீங்கோ. அலுமினியம் திரும்பத் திரும்ப வளைந்தால் களைத்து வெடிக்கும், நல்ல ஸ்புரூஸ் மரம் அந்த விசயத்தில் அலுமினியத்தை விட நன்றாகத் தாங்கும். மரத்துக்கு எதிரி ஈரம். 1931 மார்ச் 31இல் அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு ஃபொக்கர் பயணிகள் விமானத்தின் இறக்கை வானத்திலேயே முறிந்து எட்டுப் பேர் இறந்தார்கள், நூட் ரொக்னி என்ற பேர்போன அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்சியாளரும் அதில் ஒருவர். இறக்கைக்குள் ஈரம் இறங்கி, பலகைகளைப் பிடித்திருந்த பசை விட்டுப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மேல் பலகையைக் கழற்றினால்தான் தெரியும், அதுதான் கொடுமை. 1944இல் இந்தியாவில் மொஸ்கிட்டோ போர் விமானங்களின் இறக்கைகளும் முறிந்தன. முதலில் சூட்டையும் ஈரத்தையும்தான் சொன்னார்கள், விசாரித்துப் பார்த்தால் தொழிற்சாலையில் மூட்டுகள் சரியாகப் பொருந்தாமலே ஒட்டப்பட்டிருந்ததும் வெளியில் வந்தது. இடைவெளி விட்டு ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது, அது உங்களுக்கே தெரியும்.

வல்வைக்காரன்:
எங்கள் பக்கம் வள்ளம் கட்டுகிற ஆட்கள் சொல்வது இதுதான்: உப்புத்தண்ணி மரத்தை ஊறப்போட்டுக் காக்கும், மழைத்தண்ணி தேங்கினால் உக்கும். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற மரக்கப்பல் 1938இல் பாய் விரித்து அமெரிக்காவின் குளொஸ்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது, மரத்தின் வலுவைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. வள்ளத்தில் உக்கல் தொடங்குவது எப்போதும் மேல்தட்டுக்குக் கீழே, காற்றுப் போகாத மூலையில். இறக்கையிலும் தண்ணி வடிகிற ஓட்டை இருக்க வேணுமே, அது அடைபட்டிருக்கா என்று முதலில் கேளுங்கோ.

பழைய மெக்கானிக்:
அண்ணை சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். இறக்கையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அத்தானை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கோ. விமானம் கொட்டகைக்குள் நிற்குதா, வெளியில் மழையில் நிற்குதா என்றும் கேளுங்கோ. இறக்கைக்குள் பார்க்கிறதுக்கு வைத்திருக்கிற மூடியைத் திறந்தவுடன் மூக்கை வைத்து மணக்க வேணும், பூஞ்சண மணம் வந்தால் அன்றைக்குப் பறப்பில்லை. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டு போனால் ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் செத்துப் போகும். போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அங்கே ஈரமும் துருவும் சேர்ந்திருக்கு என்று அர்த்தம்.

மேகம்77:
கனடாவில் பறக்கிறேன், ஒன்று சேர்க்கிறேன். ஓங்கி அடித்து இறங்கின விமானத்தையும் இறக்கை நுனி எதிலாவது இடிபட்ட விமானத்தையும் நம்பக் கூடாது. ஸ்பாரில், அதாவது இறக்கையின் நீளத்துக்குப் போகிற முக்கிய விட்டத்தில், மரநாருக்குக் குறுக்காக மயிரிழை போலச் சுருக்கம் விழுந்திருக்கும், நேர் வெளிச்சத்தில் தெரியாது, டோர்ச்சை நார் போகும் திசையில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். அந்த இழை விழுந்த ஸ்பாரின் பலம் நன்றாகக் குறைந்துவிட்டது, வார்னிஷ் பூசி மூடுகிற விசயம் இல்லை அது. சாதாரண வகைச் சின்ன விமானங்களை அவற்றின் எடையின் 3.8 மடங்கு பாரத்துக்குக் கணக்குப் பண்ணி, அந்தப் பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு தாங்க வேணும் என்று கட்டுகிறார்கள். உயரம் குறையாமல் 60 பாகை சரித்துத் திரும்பினாலே பாரம் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கெல்லாம் காய்ந்த, முழு மரத்துக்கு மட்டும்தான்.

கடலோரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. அத்தானிடம் அப்படியே சொன்னேன், மனுசன் கோபிக்கவில்லை, அடுத்த நாளே போய்ப் படுத்துக் கிடந்து பார்த்திருக்கிறார். கொட்டகைக்குள்தான் நிற்குதாம், மணமும் இல்லை. ஆனால் இடப்பக்க இறக்கையில் இரண்டு ஓட்டைகள், போன வருசம் பெயின்ட் அடித்தபோது அடைபட்டு அப்படியே கிடந்திருக்கு. கிளப் மெக்கானிக் அவற்றைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கத்தை உள்ளே முழுக்கப் பார்க்கும் வரைக்கும் விமானம் பறக்காது என்று நிறுத்தி வைத்திருக்கிறார். அக்காவின் பயணம் தள்ளிப் போய்விட்டது. உள்ளே பார்த்ததும் படம் அனுப்புகிறாராம், இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கோ.