வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்த நாள்கள்

1961 தை மாதம் எனக்கு ஏழு வயது. கொழும்பில் நான் படித்த கன்னியர் மடப் பாடசாலைக்குள் அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு குடியேறிவிட்டார். வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். இரவில் செபமாலை, விடிந்தால் பாணும் சம்பலும். தகப்பன்மார் முறை வைத்து வாசலில் காவல் இருந்தார்கள். அரச பணத்தில் சமய அமைப்புகள் நடத்திவந்த உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தைச் சிறிமாவோ அரசாங்கம் 1960 டிசம்பர் 1ஆம் திகதி முதல் பொறுப்பேற்றிருந்தது. அதை எதிர்த்துத்தான் கத்தோலிக்கப் பெற்றோர் இப்படிப் பாடசாலைகளுக்குள் குடியிருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசிய பிறகுதான் சனம் வீடு திரும்பியது. ஆனால் அந்த ஆண்டே வந்த இரண்டாவது சட்டத்தில் கட்டடங்களும் காணிகளும் போயின. சில பெரிய பாடசாலைகள் மட்டும், அரச பணமும் இல்லாமல் கட்டணமும் அறவிட முடியாமல், தனித்து நின்றன.

எங்கள் சிஸ்டர் அலுமாரிச் சாவி ஒவ்வொன்றிலும் துண்டுக் கடதாசியில் பெயர் எழுதிக் கட்டியது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

மறுமொழி:

அக்கா, உங்கள் துயரம் எனக்கு விளங்குகிறது. எங்கள் வீட்டில் அதே செய்தியைக் கேட்டு அப்பா கோயிலில் அர்ச்சனை செய்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊரில் இருந்தது ஒரேயொரு மிஷன் பாடசாலை. படலையில் திருநீற்றை அழித்துவிட்டுத்தான் உள்ளே போவாராம். பயிற்சி முடித்து வேலை கேட்டபோது, ஞானஸ்நானம் பெறச் சம்மதமா என்று முகாமையாளர் கேட்டிருக்கிறார். சம்பளம் கொடுத்தது அரசாங்கம், ஆளைத் தெரிவு செய்தது சுவாமியார். அப்பாவைச் சுட்டது அதுதான்.

இந்தப் பிணக்கு 1960இல் பிறந்ததல்ல. சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது மிஷன் பாடசாலைகளுக்கு மாற்றாகத்தான். பிறகு அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் பொஞ்ஜீன் ஆண்டகை, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடசாலை வேண்டும், அதற்கு அரசு உதவ வேண்டும் என்று வாதாடினார். தத்தம் பிள்ளைகளுக்காக இருவரும் ஒரே நியாயத்தைத்தான் கேட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

அப்பாவின் மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. சைவ வித்தியா விருத்திச் சங்கம் பிடியரிசி சேர்த்து நடத்திய பாடசாலைகளையும் அதே சட்டம் எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்.