க்யூ இருக்கிறது, யூ இல்லை: குறிப்பிட்ட எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்களை எப்படித் தேடுவது?

கட்டப்பிரியை:
வணக்கம். எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள், ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில், இரண்டையும் விடாமல் விளையாடுகிறேன். கையில் க்யூ வந்து யூ வராவிட்டால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுத்தைக் கொடுத்தால் சொல் தரும் தளங்களில் க்யூ, ஏ, ஐ என்று போட்டுப் பார்த்தேன், என்னிடம் இல்லாத எழுத்துகளையெல்லாம் சேர்த்து நீள நீளமாகக் கொட்டுகிறது. அதில் ஒன்றை எடுத்துப் போட்டால், அப்படி ஒரு சொல்லே இல்லை என்கிறது ஆட்டம். எப்படித் தேடினால் சரியாக வரும்? அப்புறம், தேடாமல் நினைவிலிருந்தே போடப் பழக வழி உண்டா?

எழுத்தெண்ணி:
நீங்கள் தேடும் பெட்டிதான் தவறு. இந்தத் தளங்களில் மூன்று வகைத் தேடல் உண்டு, மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது, இந்த எழுத்துகள் எங்காவது இருக்கும் சொல், வேறு எழுத்து எத்தனை வந்தாலும் பரவாயில்லை. உங்களுக்குக் கொட்டியது இதுதான். இரண்டாவது, கையில் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்துக் கட்டக்கூடிய சொல். ஸ்க்ராபிளுக்கு வேண்டியது இது, ஏழு எழுத்தையும் கொடுங்கள், பலகையில் எந்த எழுத்தோடு சேர்க்கப் போகிறீர்களோ அதையும் எட்டாவதாகக் கொடுங்கள். மூன்றாவது, இடம் குறித்த தேடல். இரண்டாவது எழுத்து ஏ, ஐந்தாவது ஈ என்றால் கேள்விக்குறி, ஏ, இரண்டு கேள்விக்குறி, ஈ என்று அடிக்க வேண்டும். ஆர், எஸ் வேண்டாம் என்றும் சொன்னால் கேபிள், டான்ஸ், வேல்யூ, மேபி என்று கையடக்கமாக வந்துவிடும். வேர்டிலுக்கும் குறுக்கெழுத்துக்கும் இதுதான்.

ஆட்டம் ஏற்காததற்குக் காரணம், செல்லும் சொற்களின் பட்டியல் ஆட்டத்துக்கும் தளத்துக்கும் வேறாக இருப்பது. ஸ்க்ராபிளுக்கு வட அமெரிக்காவில் ஒரு பட்டியல், மற்ற பெரும்பாலான இடங்களில் காலின்ஸ் என்ற பட்டியல். இசட்-ஓ காலின்ஸில் செல்லும், வட அமெரிக்காவில் செல்லாது. எல்லாரும் நாள் முழுக்கச் சொல்லும் ஓகே கூட 2018-இல்தான் வட அமெரிக்க ஸ்க்ராபிள் அகராதிக்குள் வந்தது. உங்கள் ஆட்டம் எந்தப் பட்டியலை வைத்திருக்கிறது என்று அதன் அமைப்புகளில் பார்த்துவிட்டு, தேடும் தளத்திலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

பச்சைக்கட்டம்:
வேர்டில் பற்றி ஒன்று, இதில்தான் நிறையப் பேர் விடையையே தொலைக்கிறார்கள். ஹலோ என்று போடுகிறீர்கள், அதில் எல் இரண்டு முறை வருகிறது. விடை வேர்ல்ட் என்றால் நான்காவது இடத்து எல் பச்சையாகும் (எழுத்தும் இடமும் சரி), மூன்றாவது இடத்து எல் சாம்பலாகும் (வழக்கமாக, அந்த எழுத்து விடையில் இல்லை). சாம்பலைப் பார்த்ததும் எல் எழுத்தை 'வேண்டாதவை' பெட்டியில் போட்டுவிட்டால் வேர்ல்ட் பட்டியலிலிருந்தே போய்விடும், அப்புறம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அந்தச் சாம்பலுக்குப் பொருள் எல் ஒன்றுதான் என்பதே, எல் இல்லை என்பதல்ல. எஸ் சேர்த்த சாதாரணப் பன்மைச் சொற்கள் பொதுவாக விடையாக வருவதில்லை, அவற்றைத் தள்ளி வைத்தால் பட்டியல் இன்னும் சுருங்கும்.

ஏழாம்பலகை:
ஆட்டத்தின் நடுவில் தேடுவதை நான் ஏற்கவே மாட்டேன், எதிரில் இருப்பவர் தன் நினைவை வைத்து விளையாடுகிறார். முடிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் தேடுங்கள், கற்பது அங்கேதான்.

க்யூவுக்கு வருகிறேன். யூ இல்லாமலே செல்லும் சொற்கள் உண்டு, முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது க்யூ-ஐ. இரண்டே எழுத்து, ஆனால் க்யூ மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தில் விழுந்து குறுக்கிலும் நெடுக்கிலும் க்யூ-ஐ அமைந்தால் 62 புள்ளி. அடுத்து க்யூ-ஏ-டி என்ற காத், டி இங்கே டைகருக்கு வரும் டி. பிறகு ஃபகீர், நிகாப். இந்த இரண்டையும் கே போட வேண்டிய இடத்தில் க்யூ போட்டு எழுதினாலும் செல்லும். புர்கா என்பதில் யூ இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால், அதனால் பலகையில் கிடக்கும் யூவைப் பிடிக்க உதவும். மொத்தம் 100 காய்களில் யூ நான்குதான், அது வரும் என்று க்யூவைப் பொத்திப் பொத்தி வைத்திருக்காதீர்கள்.

நினைவில் நிற்க, இரண்டெழுத்துச் சொற்களை முழுதாகப் படியுங்கள். காலின்ஸ் 2019 பட்டியலில் அவை 127, நாளுக்குக் கொஞ்சமாகப் படித்தால் வந்துவிடும். நீளமான சொற்களுக்கு எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிப் பழகுங்கள். லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் எல்லாமே அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், டி என்று ஒரே வரிசைதான். கைக்கு வரும் காய்களையும் அப்படியே அடுக்கினால், அந்த வரிசையைக் கண்டதும் நான்கு சொல்லும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஏழு காயையும் ஒரே வீச்சில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல், அதற்கு இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

கட்டப்பிரியை:
மிக்க நன்றி, மூன்று வகைத் தேடல் என்று யாரும் இதுவரை சொன்னதே இல்லை. இணையம் இல்லாமல் என் கணினியிலேயே தேட முடியுமா?

எழுத்தெண்ணி:
தாராளமாக. சொற்பட்டியலை எக்செலில் ஒரே பத்தியாக ஒட்டி, வடிகட்டியில் 'சமம்' என்பதைத் தேர்ந்து மேலே சொன்ன கேள்விக்குறி வடிவத்தைக் கொடுங்கள். ஒட்டுவதற்கு முன் பத்தியை உரை வடிவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு சொற்களையும் எக்செல் சொல்லாக வைத்துக்கொள்ளாது, வடிகட்டும்போது அவை சிக்காது.