புதுப்பிப்பு: மூன்று நாளாக வரிசையில் நின்ற வேலை ஓடிவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பல்கலைக்கழகக் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த பொதுத் தொகுப்பு) போட்ட வேலை 3 நாளாக 'பிடி' (பெண்டிங், அதாவது காத்திருப்பு) என்றே நிற்கிறது, என்ன செய்வது என்று. பாலக்காட்டுக் கணவாயின் 20 வருடக் காற்றுத் தரவை அலசும் பைத்தான் நிரல் அது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தப்பு என் கோரிக்கையில்தான். 40 கோர் (கணக்கை ஓட்டும் செயலி அலகு), 7 நாள் கேட்டிருந்தேன். நிரலோ ஒரே கோரில் ஓடுவது! லேபில் சீனியர் சேச்சி என் ஸ்கிரிப்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இத்ர கோர் எந்தினா?" (இத்தனை கோர் எதற்கு?) என்று அந்த வரியில் விரலை வைத்தார். கேட்ட 40 கோரும் காலியாகும்வரை ஸ்லர்ம் (கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருள்) காத்திருக்கும். குறைந்த நேரம் கேட்டால், பெரிய வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் நம்மைச் செருகிவிடும்.

இப்போது வருடத்துக்கு ஒன்றாக 20 சிறு வேலைகள், அரே ஜாபாக (ஒரே ஸ்கிரிப்டில் ஒன்றாகப் போடும் வேலைத் தொகுதி). ஒவ்வொன்றுக்கும் 1 கோர், 6 மணி நேரம். முதல் ஓட்டம் மெமரி போதாமல் செத்தது. உடனே ஒரு வருடத்தை மட்டும் 32 ஜிபி கொடுத்து ஓட்டி, வேலையின் கணக்கைக் காட்டும் 'எஸ்அக்ட்' கட்டளையில் மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (அதிகபட்சம் பிடித்த மெமரி) பார்த்தேன்: 11 ஜிபி. 14 கேட்டுப் போட்டேன்.

ராத்திரி கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால், 17 முடிந்திருந்தது. காலையில் இருபதும்.

புதிதாக வருகிறவர்களே, லாகின் நோடில் (கிளஸ்டருக்குள் நுழைந்ததும் நாம் நிற்கும் கணினி) கணக்கை ஓட்டவே ஓட்டாதீர்கள். அது எல்லோரும் நுழையும் வாசல்.