நெட்டில் தட்டுப்பட்டு வீட்டுக்குள் வந்துவிட்டவை: உங்களுக்கு எது?

மாடிவீடு:
படத்தையோ குரலையோ கொடுத்தால் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, பாதிப் பேர் போனில் இருக்கும். போன ஐப்பசியில் ராத்திரி முழுக்க மழை. காலையில் பின்கட்டுக்குப் போனால் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குருவி ஒண்டிக்கொண்டிருந்தது. வால் என்று சொல்லவே ஒன்றுமில்லை. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்தது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். போட்டோவைக் கொடுத்தேன், இந்தியன் பிட்டா என்றது. நம்மூரில் ஆறுமணிக்குருவி. வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கேயும் இலங்கைக்கும் வருவது.

செயலியிலேயே குரலும் இருக்கிறதே, அதைப் போட்டதும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "இவனா அது! எங்க தோப்புல விடியக்காலையும் பொழுது சாயுறப்பவும் விசில் அடிப்பான். கல்யாணம் ஆகுற வரைக்கும் கேட்டிருக்கேன், மூஞ்சியப் பார்த்ததில்ல." அப்புறம் டிரம்முக்கு எதிரே தரையில் உட்கார்ந்தவர் காபி ஆறிப்போகும் வரை எழுந்திருக்கவே இல்லை. எழுபது வயதில் அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தோப்புக்காரன்:
எனக்கு வாய்த்தது செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை. பக்கத்துத் தெருவில் யாரோ பாத்திரம் தட்டுகிறார்கள் என்று நினைத்திருந்த டுக் டுக் சத்தம். செயலியை ஓடவிட்டதும் ஒவ்வொரு டுக்குக்கும் அந்தப் பெயர் மஞ்சளாக மின்னியது. அவ்வளவுதான் கதை.

ஆனால் மாடிவீடு கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று சொல்ல வேண்டும். களைத்து ஒதுங்கிய பறவைக்குப் பக்கத்தில் அதன் குரலைப் போட்டுக் காட்டுவது சரியில்லை. தன் இனத்தான் ஒருவன் வந்துவிட்டான் என்று பதறும். இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பையும் அதில் செலவழிக்கும். கூடு கட்டும் காலத்தில் இது இன்னும் மோசம், படம் எடுக்கிறேன் என்று ஸ்பீக்கரோடு திரிகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. இனி யார் வீட்டுக்காவது இப்படி வந்தால், அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, இருட்டான அறையில் வைத்துவிடுங்கள். பூனை, குழந்தை இரண்டையும் தள்ளி வையுங்கள். பாவம் என்று வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் வேண்டாம், ஆறுமணிக்குருவி புழு பூச்சி தின்பது. தெளிந்தபின் மரம் செடி உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மாடிவீடு:
குரலைப் போட்டது சமையலறையில், அதுவும் ஒரு தடவை. பெட்டிக்கெல்லாம் வேலையே வரவில்லை, பொழுது சாயும்போது அதுவாகவே காம்பவுண்டைத் தாண்டிப் போய்விட்டது.

ஓடைக்காடு:
குருவியை விடுங்கள். என்னைத் தூங்கவிடாதது பதிவுத்துறைத் தளம். வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், இலவசமாகப் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேறு ஒரு மனைக்காகத் தேடியவன், கை சும்மா இருக்காமல் தாத்தா ஊர் சர்வே எண்ணையும் போட்டேன்.

1987, கிரயம். எழுதிக் கொடுத்தவர் தாத்தா, எழுதி வாங்கியவர் சின்னத் தாத்தா. எல்லை விவரத்தில் வடக்கே ஓடை, தெற்கே இன்னாரது நிலம் என்று நான் சிறு வயதில் ஓடித் திரிந்த வரப்பு முழுக்க அச்சில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் பக்கத்தில் தொகையும் இருக்கிறது. அன்றைய விலைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கூடப்பிறந்தவனே கைநாட்டு வாங்கி ஏமாற்றிவிட்டான் என்பதுதான் எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக ஓடும் கதை. என் கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. எதிர்ப்பட்டால் அப்பா தெருவின் மறுபக்கம் போவார். இதை எப்படி அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

பத்திர எழுத்தர்:
ஓடைக்காடு, அவசரப்படாதீர்கள். தொகையைப் பார்த்து நியாயம் பேச முடியாது. எழுதிய தொகை கைக்கு வந்ததா என்று வில்லங்கம் சொல்லாது. பதிவான ஆவணம் மட்டும்தான் அதில் ஏறும். பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை எதுவும் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, பலர் பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். வில்லங்கம் சுத்தமாக வந்தால் சொத்தும் சுத்தம் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து அழுகிறவர்கள் எத்தனையோ பேர். முதலில் நகலுக்கு மனு போட்டுப் பத்திரத்தை முழுசாக வாங்கிப் படியுங்கள். தொகை எப்போது, யார் முன்னால் கொடுக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். கீழே சாட்சிகள் யார் என்று பாருங்கள். அப்புறம் பட்டா யார் பேரில் என்று வருவாய்த்துறை தளத்தில் பாருங்கள், அது தனி. உட்பிரிவு ஆகியிருந்தால் சர்வே எண்ணின் கடைசி இலக்கம் மாறியிருக்கும், அதை மறந்து பழைய எண்ணை மட்டும் போட்டால் பாதிதான் வரும். கணினியில் ஏறாத காலத்துக்கு அலுவலகத்தில் கையால்தான் தேட வேண்டும்.

ஓடைக்காடு:
சார், நான் நிலத்தைக் கேட்கப் போவதில்லை.

பத்திர எழுத்தர்:
அப்படியானால் சாட்சிக் கையெழுத்தை மட்டுமாவது பாருங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் விண்வெளி நிலையத்துக்குப் போனாரே, அப்போதுதான் நாசா தளத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் எத்தனை மணிக்கு நம் தலைக்கு மேல் போகும் என்று சொல்லும் என்பது தெரிந்தது. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அம்மாவை மாடிக்கு இழுத்துப் போனேன். 400 கிலோமீட்டர் உயரம், 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று நான் அளந்துகொண்டிருந்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தது, உச்சிக்கு ஏறியது, பாதி வானத்தில் பொசுக்கென்று அணைந்தது. பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பையனோட அம்மா இதைப் பார்த்திருப்பாங்களா?" கேப்காரர் கீழே ஹாரன் அடித்தபடி இருந்தார், என்னிடம் பதில் இல்லை.

சந்தேகி:
பாதியில் அணைந்தால் அது மேகத்துக்குள் போன ஏரோப்ளேன். நானும் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி ஷிப்ட்:
விமானத்துக்கு விளக்கு மினுக்கும். இது மினுக்காது, சூரிய வெளிச்சம் பட்டுத்தான் தெரிகிறது. அதனால் அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் மட்டும்தான். நடுராத்திரியில் எழுந்து தேடிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

வடமராட்சி:
மகளுக்குப் பழைய வாசிப்புப் புத்தகம் ஒன்று தேடித்தான் 'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்துக்குப் போனேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள், 2005இலிருந்து அவர்கள் ஸ்கான் செய்து சேர்ப்பதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. அங்கே நினைவு மலர்களும் இருக்கின்றன. ஆள் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுப்போமே, கல்வெட்டு, அதுதான். சும்மா ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அம்மம்மாவின் பெரியம்மாவுடையது வந்தது. படம், தேவாரம், திருவாசகம், வழமைபோல. கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. அதில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர், கீழே கோடு ஒன்றும் இல்லை. அம்மம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்று வீட்டில் எவரும் வாய் திறந்ததில்லை. அம்மாவைக் கேட்டேன். "மலாயாவுக்குப் போனவர்" என்றுவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா.

ஈப்போ:
வடமராட்சி, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தேடுங்கள், இலவசம். தமிழ் முரசும் இருக்கிறது, ஆனால் யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் குமாஸ்தாவாக இருந்ததால் ஆங்கிலப் பத்திரிகைகளில்தான் அதிகம் அகப்படுவார்கள். இடமாற்றம், டென்னிஸ் பந்தயம், கல்யாணம், மரணம் எல்லாம் போடுவார்கள். பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். கந்தையாவையே ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள். அண்ணன் பெயருக்கு முன்னால் இனிஷியல் ஏதும் இருக்கிறதா?

வடமராட்சி:
வி. என்று இருக்கிறது. பெயரைத் தனி மடலில் அனுப்புகிறேன்.