சிறையில் இன்சுலின் ஒழுங்காகக் கிடைக்கவில்லை: எங்கே மனு போடுவது?

தேயிலைமேடு (கோத்தகிரி):
தம்பி விசாரணைக் கைதி, கீழே சமவெளிச் சிறையில் இருக்கிறான். ரெண்டு வேளை இன்சுலின். மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) போனால் சில நாள் ஊசியே இல்லை என்கிறான். கால் புண் ஆறவில்லை, கழிப்பறையில் தண்ணீரும் வருவதில்லையாம். நஷ்டஈட்டு வழக்கு ஊட்டியிலா, சென்னையிலா?

குன்னூர்க்காரன்:
நஷ்டஈடு அப்புறம், முதலில் ஊசி. ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நீதிமன்றத்திலேயே சிகிச்சைக்கு உத்தரவு கேளுங்கள். காவல் நீட்டிப்பு ஒரு தடவைக்கு 15 நாளைத் தாண்டாது. நீட்டிப்புக்கு ஆஜராகும் அன்று தம்பியே நீதிபதியிடம் சொல்லட்டும். "உடம்பு சரியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால், "சிறை மருத்துவர் பார்க்கிறார்" என்ற ஒற்றை வரிப் பதிலில் முடிந்துவிடும். எந்தத் தேதி, எந்த வேளை ஊசி விட்டுப்போனது, எத்தனை யூனிட், சர்க்கரை அளவு, புண் எந்தக் காலில் என்று எழுதி, பழைய மருந்துச்சீட்டையும் இணையுங்கள். அதே விவரம் சிறைக் கண்காணிப்பாளருக்கும் தபாலில் போகட்டும். ஒப்புகை கையில் இருந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது.

குமாஸ்தா (உதகை):
ரிட்டுக்கு (அரசுக்கு எதிராக நேரே உயர்நீதிமன்றத்தில் போடும் மனு) உங்கள் ஊர் கணக்கில்லை, சிறை எங்கே என்பதே கணக்கு. கோவை, நீலகிரி என்றால் சென்னை. திண்டுக்கல், மதுரை என்றால் மதுரைக் கிளை. ருதுல் ஷா (1983), நீலபதி பெஹரா (1993) வழக்குகளில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்புகளுக்குப் பிறகு ரிட்டிலேயே இழப்பீடு கேட்கலாம். ஆனால் ஊசி போட்டார்களா இல்லையா என்பதே தகராறானால், சிவில் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். அங்கே வழக்குப் போடுமுன் அரசுக்கு 2 மாத நோட்டீஸ் வேண்டும். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த 1 வருடத்துக்குள் போக வேண்டும். வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் படிவம்) தம்பியின் கையெழுத்தைச் சிறை அதிகாரி சான்றிட வேண்டும். பலருக்கு இழுத்தடிப்பு அங்கேதான். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர்ப் புகாரை இதோடு கலக்காதீர்கள், ஊசி விஷயம் நீர்த்துப்போகும்.

கொடைவாசி:
சிறை மருத்துவப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்டதென்று மேலேயே எழுதினால் பதில் தரக் கெடு 48 மணி நேரம். தம்பியின் சம்மதக் கடிதம் இல்லையென்றால் அந்தரங்கத் தகவல் என்று தள்ளிவிடுவார்கள்.

தேயிலைமேடு:
நன்றிங்க. இன்சுலினை நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா?

குன்னூர்க்காரன்:
மனு பார்க்கும் இடத்தில் நீட்டாதீர்கள். சீட்டு, பில்லோடு கண்காணிப்பாளரிடம் எழுதிக் கேட்டு, சிறை மருத்துவர் வழியாகத்தான். பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மலையிறங்கினால் வெயில், ஐஸ்மேல் நேராக வைத்தாலும் உறைந்து வீணாகும். துணி சுற்றி வையுங்கள்.